மூலை கறுத்த பக்கங்கள்

இலவசம் என்று யாராவது வாயெடுத்தால் சொரிமுத்து முதலில் அந்த ஆளின் கையைப் பார்ப்பார். ஒரு கை நம் பக்கம் நீண்டிருக்கும். இன்னொரு கை எங்கே போயிருக்கிறது என்பதுதான் அவருக்கு விஷயம்.

ரேஷன் கடையில் விரல் வைத்தால்தான் அரிசி என்று ஆனபோது, "என் ரேகை என் கையிலயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வெளிக்கடையில் வாங்க ஆரம்பித்தவர் அவர். செல்போன் வைத்துக்கொள்ளவில்லை. எழுபது வயது தாண்டியும் சர்க்கரை, கொதிப்பு என்று எந்த டாக்டருக்கும் ஒரு சொட்டு ரத்தம் கொடுத்ததில்லை. வீடு வீடாகக் கணக்கெடுக்க யாராவது வந்தால் பின்வாசல் வழியாக ஆற்றுக்குப் போய்விடுவார். ஊரில் அவருக்குப் 'புலனாய்வு' என்று பட்டப்பெயர். அது அவருக்கும் தெரியும். கோபம் கிடையாது.

அப்படிப்பட்ட ஆளின் கையெழுத்து தேவைப்பட்டதுதான் கூத்து. சிங்கநேரி மில் தொழிலாளர் படிப்பகத்துக்கு நிர்வாகிகள் மூன்று பேர். ஓய்வுபெற்ற வாத்தியார் குற்றாலிங்கம், மில்லில் பிட்டராக இருந்த மைதீன், அப்புறம் சொரிமுத்து. இவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். படிப்பகத்தில் தினத்தாளைத் தவிர எதையும் தொட்டதில்லை. கட்டடம் எழும்பும்போது செங்கல் சுமந்தார் என்பதற்காகக் கொடுத்த பதவி அது. மில்லை மூடி, இடித்து, அந்த இடத்தில் காற்றாலை இறக்கைகளைப் போட்டு வைக்கும் கிடங்கும் வந்தாயிற்று. படிப்பகம் மட்டும் எப்படியோ தப்பி நின்றது.

அங்கேதான் விரிஏடு அறக்கட்டளையிலிருந்து ஹரிணி என்ற பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தாள். அதிலேயே குற்றாலிங்கம் சார் விழுந்துவிட்டார்.

"இங்க இருக்கிற புத்தகத்தை எல்லாம் எங்க மெஷின் பக்கம் பக்கமா எடுத்துக்கும் ஐயா. அப்புறம் உலகத்துல யாரு வேணும்னாலும், எங்க இருந்து வேணும்னாலும் சும்மா படிக்கலாம். ஒரு தாள்கூடக் கிழியாது. அப்படியே உங்க அலமாரிக்குத் திரும்பி வந்துடும். ஊர்க்காரங்க படிக்க வீட்டுக்கு வீடு ஒரு டேப்லெட் தர்றோம். அதுவும் இலவசம்."

சொரிமுத்து அவள் கையைப் பார்த்தார். மருதாணி வைத்த கை. மேசைமேல்தான் இருந்தது, இரண்டும்.

"நாங்க என்ன தரணும்?"

"ஒண்ணும் வேண்டாம் ஐயா."

"அப்ப நீ எதுக்கும்மா இவ்வளவு தூரம் வந்திருக்க?"

"அறிவு எல்லாருக்கும் போய்ச் சேரணும்."

"அறிவு போறது இருக்கட்டும். ஒனக்குச் சம்பளம் எங்கேருந்து வருது?"

"வே, வந்த பிள்ளைய ஒரு வாய் காப்பி குடிக்க விடும்" என்றார் மைதீன். "இவரு இப்படித்தாம்மா. பெத்த தகப்பன் மிட்டாய் வாங்கிக் குடுத்தாலும் மோந்து பாத்துட்டுத்தான் திம்பாரு."

அன்று முழுக்கச் சொரிமுத்து தன் சந்தேகங்களை வரிசையாக எடுத்துவைத்தார். தேக்கு அலமாரிக்கு அடிபோடுகிறார்கள் என்றார். பிறகு, படிப்பகத்து இடம் மெயின் ரோட்டில் இருக்கிறது, அதற்குத்தான் என்றார். அப்புறம், பழைய தாளில் ஏதோ மருந்து எடுக்கிறார்களாம் என்று எங்கேயோ கேட்டதைச் சொன்னார். எதுவும் நிற்கவில்லை. புத்தகம் திரும்பி வந்துவிடும் என்று எழுதியே தருகிறார்கள். இடத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

"ஒப்பந்தத்தை நான் ரெண்டு தடவை படிச்சுட்டேன் அண்ணாச்சி" என்றார் குற்றாலிங்கம் சார். "ஏட்டுல உள்ள எழுத்தும், ஏட்டின்மேல் படிந்துள்ள பிற யாவும் அவங்க எடுத்துக்கலாம்னு இருக்கு. அவ்வளவுதான்."

"பிற யாவும்னா?"

"அடிக்கோடு, ஓரத்துல கிறுக்கினது, காப்பிக் கறை. அதுக்கெல்லாமா கணக்குப் பாக்குறது?"

"சார்வாள், காப்பிக் கறைய எதுக்குவே அவன் கேட்டு வாங்குதான்?"

மூன்றில் இரண்டு பேர் போட்டால் போதும். இரண்டு பேரும் போட்டார்கள். சொரிமுத்து பேனாவைத் தொடவில்லை.

ஆனால் வண்டி வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவர் படிப்பகத்துக்குப் போய், சன்னலோரத்து அலமாரியில் கைவிட்டு ஒரு புத்தகத்தை உருவி வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு வந்தார். தென்துருவத்துப் பனிக்கட்டியில் மாட்டிக்கொண்ட ஒரு கப்பலைப் பற்றிய புத்தகம். அட்டை போய்விட்டது. வாசலில் மைதீன் பார்த்துவிட்டார்.

"புலனாய்வு புத்தகம் எடுத்துட்டுப் போவுது. இன்னைக்கு மழை பெஞ்சு அணை நெறஞ்சிரும்."

சொரிமுத்து மடிப்பை இறுக்கிக்கொண்டு நடந்தார். அந்தப் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவன் ஒருத்தன் இருந்தான். ஞானதுரை. மில்லில் இவர் பக்கத்து மெஷின். குளிரே தெரியாத ஊரில் இருந்துகொண்டு, பனியில் செத்தவர்களைப் பற்றிப் படித்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் இவருக்கு ஒவ்வொரு ஆளாகச் சொல்லுவான். ஊரில் இப்போது அவனைப் பற்றிப் பேச யாரும் இல்லை. அறக்கட்டளை வண்டிக்காரன் கையில் அந்தப் புத்தகம் போக வேண்டாம் என்று இவருக்குத் தோன்றியது. தோன்றினால் செய்துவிடுவார். காரணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

புத்தகத்தை வீட்டில் அரிசி டிரம்முக்குள் பாலித்தீன் பையில் சுற்றி இறக்கினார்.

வண்டி வந்தது. நான்கு பையன்கள் கையுறை மாட்டிக்கொண்டு புத்தகங்களைப் பிரித்தார்கள். சொரிமுத்து ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்திலேயே ஒன்று கண்ணில் பட்டது. புத்தம் புதிதாக, யாரோ நன்கொடை கொடுத்து, யாரும் பிரிக்காமல் கிடந்த புத்தகங்களை எல்லாம் அவர்கள் ஒதுக்கினார்கள். நைந்ததை, தையல் விட்டதை, பூச்சி தின்றதைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கிப் பெட்டியில் வைத்தார்கள்.

"புதுசை ஏம்மா விட்டுட்டுப் போறீங்க?"

"அதெல்லாம் ஏற்கெனவே நெட்ல இருக்கு ஐயா" என்றாள் ஹரிணி.

"இந்தக் கிழிஞ்சதுலயும் பாதி நெட்ல இருக்குன்னு சார்வாள் போன வருசமே காட்டுனாரே."

"உங்க ஊருப் பிரதி வேணும் ஐயா."

"எழுத்து ஒண்ணுதானே?"

அவள் பெட்டிக்கு ஒட்டு ஒட்டப் போய்விட்டாள்.

புத்தகங்கள் சொன்னபடி திரும்பி வந்தன. குறை சொல்ல இடமில்லை. தையல்கூடப் போட்டிருந்தார்கள். குற்றாலிங்கம் சார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இவரைப் பார்த்தார். சொரிமுத்து ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். இன்னொன்று. பிறகு இன்னொன்று.

"மூலையெல்லாம் வெளுத்திருக்கே."

படிப்பகத்தில் எச்சில் தொடாமல் பக்கம் புரட்டியவன் ஒருத்தன் கிடையாது. பஞ்சில் காய்ந்துபோன விரலுக்குத் தாள் பிடி கொடுக்காது. வெற்றிலை எச்சில், பீடி எச்சில், வெறும் எச்சில், அதன்மேல் மெஷின் எண்ணெய் என்று தலைமுறை தலைமுறையாகப் படிந்து, எல்லாப் புத்தகத்துக்கும் வலது பக்க மூலை கறுத்திருக்கும். 'எச்சில் தொட்டுப் புரட்டாதீர்' என்று குற்றாலிங்கம் சார் ஒரு பலகை எழுதி மாட்டினார். அதன்கீழ் உட்கார்ந்து அவரே நாக்கில் தொட்டுத்தான் புரட்டுவார். இப்போது அந்தக் கறுப்பு இல்லை. மூலைகள் பச்சைப்பிள்ளை நகம் மாதிரி வெளுத்துக் கிடந்தன.

"சுத்தம் பண்ணிக் குடுத்திருக்கான். அதுவும் குத்தமா?" என்றார் மைதீன்.

"கல்யாண வீட்டுக்குப் போட்டோ எடுக்க வாரவன் பந்தி எலைய எடுத்துட்டா போவான்?"

"ஒமக்கு முடியல வே. போய்ப் படும்."

பிறகு டேப் வந்தது. கையகலக் கண்ணாடி. முதல் நாள் மைதீனை உட்காரவைத்து எல்லாரும் சுற்றி நின்றார்கள். திரையில் அழகாகப் புத்தகம் விரிந்தது. மைதீன் ஒரு பக்கத்தைப் படித்து முடித்தார். ஆள்காட்டி விரலை நாக்கில் வைத்து, நன்றாக நனைத்து, கண்ணாடியைத் தள்ளினார். பக்கம் புரண்டது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. குற்றாலிங்கம் சார், "யோவ், கண்ணாடிய எச்சியாக்காதேரும்" என்று துண்டால் துடைக்கப் போனார்.

ஹரிணி மட்டும் சிரிக்கவில்லை. "துடைக்காதீங்க சார். அதுவே காஞ்சிடும்" என்று அவர் கையைத் தடுத்தாள்.

சொரிமுத்து அந்தக் கையைப் பார்த்தார். ஆக, இன்னொரு கை அங்கேதான் இருக்கிறது. அதில் என்ன இருக்கிறது என்றுதான் பிடிபடவில்லை.

அவர் வீட்டுக்கும் ஒரு டேப் வந்தது. இவர் வேண்டாம் என்று சொல்வதற்குள் மகள் செண்பகம் கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டாள். செண்பகம் காற்றாலைக் கம்பெனியில் கோபுரம் ஏறுகிற வேலை. இடுப்பில் வாரைக் கட்டிக்கொண்டு, உள்ளே இருக்கும் ஏணியில் எண்பது மீட்டர் ஏறி, உச்சியில் மெஷினைத் திறந்து பழுது பார்ப்பாள். அந்தக் கம்பெனியில் இந்த வேலை பார்த்த ஒரே பெண். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு மூன்று பேர் வேலையை விடச் சொன்னார்கள். அவள் மாப்பிள்ளைகளை விட்டாள். அவளுடைய அம்மா உலகம்மாள் போன பிறகு வீட்டில் அப்பாவும் மகளும்தான்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் கால் நீட்டி உட்கார்ந்து டேப்பில் படிப்பாள். சிறு பிள்ளையாகப் படிப்பகத்துத் தரையில் தவழ்ந்து வளர்ந்தவள். அவளுக்கும் விரல் தானாக நாக்குக்குத்தான் போகும்.

"எச்சி பண்ணாத பிள்ள."

"கண்ணாடிதானேப்பா. கழுவுனாப் போச்சு."

ஒரு நாள் மத்தியானமே செண்பகம் வீட்டுக்கு வந்துவிட்டாள். தலைக்கவசம் கையில் தொங்கியது. செருப்பைக்கூடக் கழற்றாமல் நடுவீட்டில் நின்றாள்.

"எப்பா, இனிமே நான் ஏறக் கூடாதாம்."

"எவன் சொன்னான்?"

"இன்சூரன்ஸ்காரன். எனக்கு நெஞ்சுல கோளாறு வர வாய்ப்பு இருக்காம். பரம்பரையாம். மேல ஏறும்போது திடீர்னு நின்னுரலாமாம். என்னைக் கிடங்குல போல்ட் எண்ணப் போட்டுட்டாங்க."

"ஒன்ன எந்த டாக்டர் பாத்தான்?"

"யாரும் பாக்கல. அதுதான் கூத்து. விரிஏட்டுக்காரங்ககிட்டேருந்து வாங்கியிருக்காங்க." அவள் தண்ணீர்க் குடத்தில் மொண்டு குடித்தாள். பிறகு தான் தெரிந்துகொண்டு வந்ததைச் சொன்னாள். "டேப் கண்ணாடிக்கு எச்சிய உறிஞ்சிப் பாக்கத் தெரியுமாம். யாரு வீட்டு டேப்புன்னு பேரு இருக்குல்ல, ஆள் தெரிஞ்சிருது. எச்சில்ல ஒருத்தரோட உடம்பு வெவரம் பூரா இருக்கும்ப்பா. தகப்பன் யாரு, என்ன நோய், எல்லாம். அதே மாதிரி பழைய புத்தகத்து மூலையிலயும் எடுத்திருக்காங்க. அம்பது அறுவது வருசத்து எச்சி. இப்ப உள்ள ஆளையும் செத்த ஆளையும் சேத்துப் பாத்தா, எந்தக் குடும்பத்துல எந்த நோய் ஓடுதுன்னு தெரியும்லா? அத வித்துத்தான் புத்தகத்தச் சும்மா குடுக்காங்க."

சொரிமுத்துவுக்கு, சொன்னேனா என்று ஊரைக் கூட்டிக் கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தார்.

"எனக்கு என்ன சொல்லியிருக்கான் தெரியுமா? என் எச்சிய மட்டும் பாத்தா நிச்சயமில்லையாம். ஆனா எங்கப்பாவோட எச்சியும், எங்கப்பாவுக்கு அண்ணனோட எச்சியும் புத்தகத்துல இருக்காம். ரெண்டு பேருக்கும் அதே கோளாறாம். அந்த அண்ணன் படிச்சுட்டே வந்தவரு நாப்பது வயசோட நின்னுட்டாராம். அதுக்குப் பொறவு எந்தப் புத்தகத்துலயும் அவரு எச்சி இல்லையாம். அதனால செத்திருப்பாருன்னு முடிவு பண்ணிட்டான்." செண்பகம் சிரித்தாள். "எங்கப்பா அந்தப் படிப்பகத்துல பேப்பரத் தவிர ஒண்ணும் தொட்டதில்ல, அவருக்கு அண்ணனே கெடையாது, எழுவது வயசுல சுவரேறிக் குதிக்காருன்னு சொன்னேன். அப்ப ஒங்கப்பாவ வந்து ஒரு தடவை விரல் வைக்கச் சொல்லுங்க, தப்புன்னா உடனே திருத்திருவோம்ங்கான். நாளைக்கு ஒரு விரல் வச்சிருங்கப்பா. முடிஞ்சுது."

சொரிமுத்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெஷின் தப்பாகச் சொல்லவில்லை. உலகத்தில் அதை இப்போது அறிந்த ஒரே ஆள் அவர்தான்.

மில்லில் கதவடைப்பு நடந்த வருஷம் அவரும் உலகம்மாளும் பிழைப்புக்குக் கோயம்புத்தூர் போனார்கள். ஞானதுரை அவர்களுக்கு முன்னாலேயே போய், அங்கே ஒரு பெண்ணைக் கட்டியிருந்தான். பிரசவத்தில் அவள் போனாள். பிள்ளைக்குப் பல் முளைப்பதற்குள் ஒரு நாள் ஞானதுரை மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அவன் அப்பாவும் அப்படித்தான் போனாராம். ஊரில் இருந்த அவன் அண்ணன் அதற்கு மறுவருஷம், பஸ்ஸுக்குக் காத்து நின்ற இடத்திலேயே சரிந்தான். பிள்ளை இல்லாத உலகம்மாள் அந்தக் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். சிங்கநேரிக்குத் திரும்பி வந்தபோது மூன்று பேராக வந்தார்கள். ஊர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுவிடுமோ என்றுதான் சொரிமுத்து அன்றிலிருந்து எல்லாரையும் முந்திக்கொண்டு சந்தேகப்பட ஆரம்பித்தார்.

இப்போது விரல் வைத்தால், அவர் அவளுக்குத் தகப்பன் இல்லை என்று கண்ணாடியே சொல்லிவிடும். "முடியாது" என்றார்.

"என்னப்பா முடியாது?"

"நான் எவன் கண்ணாடியிலயும் விரல் வைக்க மாட்டேன்."

"எனக்காகப்பா. ஒரே ஒரு தடவை."

"முடியாதுன்னா முடியாது."

செண்பகம் தலைக்கவசத்தைக் கீழே வைத்தாள். "ஊரே ஒங்களப் புலனாய்வுன்னு சிரிக்கும்போது நான் சண்டைக்குப் போயிருக்கேன். எனக்கே இப்படிப் பண்ணுதீங்களே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அதன்பிறகு வீட்டில் பேச்சு நின்றுபோனது. சோறு போடுவாள். தட்டு வைக்கிற சத்தம்தான் பேச்சு. காலையில் கிடங்குக்குப் போவாள். போகும்போது மலைப்பக்கம் சுற்றுகிற இறக்கைகளைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு போவாள். அதைச் சன்னல் வழியாகப் பார்ப்பது அவருக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. ஊரிலும் இரண்டு வீட்டில் இதே மாதிரி ஓலை வந்திருந்தது. மைதீனின் பேரனுக்கு வெளிநாட்டு வேலை தட்டிப்போனது, சிறுநீரகம் சரியிருக்காது என்று. மைதீன் டேப்பைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் போட்டார். குற்றாலிங்கம் சார் படிப்பகத்துப் பக்கமே வரவில்லை.

ஹரிணி சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த நாளில் சொரிமுத்து படிப்பகத்துக்குப் போனார்.

"உக்காருங்க ஐயா."

"நிக்கேன். எம் மவளப் பத்திக் குடுத்தத அழிச்சிரு."

"என்னால முடியாது ஐயா. அது எங்கெங்கயோ போயிடுச்சு. தப்புன்னா திருத்தலாம். நீங்க விரல் வச்சா நானே எழுதித் திருத்தி வாங்கித் தர்றேன்." அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "தப்பா ஐயா?"

சொரிமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஹரிணி கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள். குரலும் இறங்கியது. "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா அந்தக் கோளாறு பொல்லாதது ஐயா. ஒண்ணும் தெரியாம இருக்கும். மூச்சு வாங்கற வேலை பார்க்கும்போது சட்டுன்னு நிறுத்திடும். ஆஸ்பத்திரில பார்த்தா முன்கூட்டியே தெரியும். சின்னதா ஒரு கருவி வச்சா நூறு வயசு இருக்கலாம். உங்க பொண்ணு இத்தனை வருஷம் எண்பது மீட்டர் ஏறி இறங்கி இருக்காங்க. எனக்கே அதை நினைச்சாத் தூக்கம் வரல."

"எங்க எச்சிய எங்களக் கேக்காமத் திருடிட்டு எங்களுக்கே புத்தி சொல்லுதியா?"

"திருடினோம் ஐயா. சொன்னது பொய் இல்ல."

சொரிமுத்துவுக்கு அவளைத் திட்டப் பெரிய சொற்களாக வந்தன. திரும்பி நடந்தார். வழியெல்லாம் ஒரே நினைப்பு. களவாணி நாய்கள். அந்தக் களவாணிகள் சொல்லியிராவிட்டால், தான் சொல்லியிருப்போமா? ஞானதுரையின் அப்பா, ஞானதுரை, அவன் அண்ணன். மூன்று பேர் நெஞ்சும் நின்றது தனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, பிள்ளை தினமும் இடுப்பில் வாரைக் கட்டும்போது, பாத்து ஏறு என்று மட்டும் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார். தான் பெற்றவர் இல்லை என்று அவளுக்குத் தோன்றிவிடக் கூடாது என்பதிலேயே இருந்ததில், அவள் நெஞ்சும் நிற்கலாம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை. செண்பகம் வாசலில் தலைக்கவசத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இனி எதற்கு என்று தெரியாமலே துடைத்தாள்.

"பிள்ள, இங்க வா."

வந்தாள்.

"அந்தக் கண்ணாடிய எடுத்துட்டு வா. விரல் வைக்கேன்."

அவள் முகம் மலர்ந்தது. ஓடிப்போய் டேப்பை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள். "இதுக்கு இத்தனை நாளாப்பா? ஒங்களோட—"

"இரு. அதுக்கு முன்னால ஒண்ணு. நாளைக்குத் திருநெல்வேலிக்குப் போவோம். ஆஸ்பத்திரியில ஒன் நெஞ்சப் பாக்கணும். பாக்கேன்னு சொல்லு. வைக்கேன்."

"என் நெஞ்ச எதுக்குப்பா பாக்கணும்? நீங்க விரல் வச்சா மெஷின் தப்புன்னு ஆயிரும்லா. தப்புன்னா எனக்கு ஒண்ணும் இல்ல."

சொரிமுத்து டேப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"தப்புதானே?"

வெளியே யாரோ சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனார்கள். சொரிமுத்து ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டார். வாழ்நாளில் எந்த மெஷினிலும் வைக்காத விரல். நனைந்திருந்தது. கண்ணாடியை நோக்கி இறக்கினார்.

செண்பகம் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

பிடித்த பிடி இறுகிக்கொண்டே போனது. அவள் அவர் விரலையே பார்த்தாள். பிறகு அவர் முகத்தை. எண்பது மீட்டர் உயரத்தில் கால் வைக்கும் இடத்தைத் தேடுகிற மாதிரி அவள் கண்கள் அங்கேயும் இங்கேயும் போய் வந்தன. அப்புறம் ஓரிடத்தில் நின்றன.

துப்பட்டா நுனியை எடுத்து அந்த விரலை நன்றாகத் துடைத்தாள். டேப்பைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

"ஒங்களையும் ஏன் அவனுங்களுக்குக் குடுக்கணும்" என்றாள்.

பிறகு, "அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"அவதான் ஒன்ன மொதல்ல தூக்குனா."

"அவரு பேரு?"

"ஞானதுரை."

"எப்படிப்பா இருப்பாரு?"

"கறுப்பா, ஒசரமா. சிரிச்சாத் தோள் குலுங்கும். போட்டோ ஒண்ணும் இல்லம்மா."

"படிப்பாரோ? படிப்பகத்துல எந்தெந்தப் புத்தகம்னு நீங்க காட்டுங்க. நான் போய்..." என்றவள் நிறுத்திக்கொண்டாள். அந்த மூலைகள் எல்லாம் வெளுத்துப் போயிருப்பது அவளுக்கும் நினைவு வந்துவிட்டது. உதடு கோணியது. இத்தனை நேரம் அழாதவள் அப்போதுதான் அழுதாள். "எல்லாத்தையும் துடைச்சு எடுத்துட்டுப் போயிட்டானுங்களேப்பா."

சொரிமுத்து எழுந்தார். சமையல்கட்டுக்குப் போய் அரிசி டிரம்மைத் திறந்து, முழங்கை வரை கைவிட்டு, பாலித்தீன் பையை இழுத்தார். அரிசி தரையில் சிதறியது. பையைப் பிரித்து, அட்டை இல்லாத அந்தப் புத்தகத்தை அவள் மடியில் வைத்தார்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வருவ."

"வாரேன்ப்பா."

அவள் புத்தகத்தைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தாள். வலது பக்க மூலை முழுக்க, முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை, கரிக்கோடு இழுத்தாற்போலக் கறுத்திருந்தது. பிரித்தாள். பனியில் ஒரு கப்பல் சாய்ந்து நின்றது. எழுத்துக்கூட்டுகிற பிள்ளை மாதிரி உதட்டை அசைத்து அந்தப் பக்கத்தைப் படித்தாள். முடிந்ததும் விரல் தானாக நாக்குக்குப் போனது. ஈர விரலைச் சரியாக அந்தக் கறுப்பின்மேல் வைத்தாள்.

எச்சி பண்ணாத என்று சொரிமுத்து சொல்லவில்லை. தெருவை எட்டிப் பார்த்தார். ஆள் நடமாட்டம் இல்லை. இருந்தாலும் எழுந்துபோய்ச் சன்னலைச் சாத்தினார்.